பழனிமலைச் சோலைகளிலும் ஏரிக்கரைகளிலும் நடக்க வருவோர் கேட்கும் கேள்விகள்

பழனி மலைத்தொடரின் மேலுள்ள கொடைக்கானலுக்கு வருபவர்களில் பெரும்பாலோர் ஏரியைச் சுற்றி மிதிவண்டி ஓட்டி, காட்சிமுனைகளில் படம் எடுத்துக்கொண்டு மறுநாளே இறங்கிவிடுகிறார்கள். காலால் நடந்து மலையைப் பார்க்க விரும்புவோரின் எண்ணிக்கை இப்போது கூடிவருகிறது. அவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும், இந்த மலையில் பல ஆண்டுகள் நடந்ததில் எனக்குத் தெரிந்த விடைகளையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

சோலை என்பதும் காடு என்பதும் ஒன்றுதானே?

பேச்சுவழக்கில் ஒன்றாகச் சொன்னாலும் மலையில் அவை வேறு வேறு. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 1,800 மீட்டருக்கு மேல், மலை மடிப்புகளிலும் ஓடைக்கரைகளிலும் மட்டும் அடர்ந்து நிற்கும் குட்டையான பசுமைமாறாக் காட்டைத்தான் சோலை என்கிறோம். அதைச் சுற்றியுள்ள மேடுகளில் இயல்பாக இருக்க வேண்டியது புல்வெளி. சோலையும் புல்வெளியும் சேர்ந்ததே இந்த மலையின் பழைய உருவம். கீழிருந்து வருபவர்கள், மரம் இல்லாத மேட்டைப் பார்த்ததும் யாரோ காட்டை வெட்டிவிட்டார்கள் என்று வருந்துவதுண்டு. அந்தப் புல்வெளி சோலையைப் போலவே தொன்மையானது.

சோலைக்குள் நுழைந்த சில அடிகளிலேயே வெயில் மறைந்து, காற்று ஈரமாகிவிடும். காட்டுச் செண்பகமும் நாவல் இனத்து மரங்களும் முறுக்கிய கிளைகளோடு நிற்கும். அவற்றின் பட்டை தெரியாதபடி பாசியும் பெரணியும் ஆர்க்கிட் செடிகளும் மூடியிருக்கும். மூடுபனி கடந்து போகும்போது இந்தப் பாசிகள் அதன் ஈரத்தைப் பிடித்துச் சொட்டுச் சொட்டாகத் தரையில் விடுகின்றன. பல ஆண்டுகளாக உதிர்ந்து மக்கிய இலைகளின் அடுக்கு அந்த நீரையும் மழைநீரையும் உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழை நின்று பல வாரங்கள் ஆன பின்பும் ஓடையில் மெல்லக் கசிய விடுகிறது. கோடையில் சோலையின் அடிவாரத்தில் ஓர் ஓடை சலசலப்பதைக் கேட்டால், அது சென்ற ஐப்பசியில் பெய்த மழையாகவும் இருக்கலாம் என்பதை நினைத்துக்கொண்டு நடந்து பாருங்கள்.

அப்படியானால் ஏரிகள் இயற்கையானவைதாமா?

கொடைக்கானல் ஏரி மனிதர் கட்டியது. மதுரை ஆட்சியராகப் பணியாற்றிய வியர் ஹென்றி லெவிஞ், 1863-ஆம் ஆண்டில் ஓடைகள் கூடும் ஒரு சதுப்புப் பள்ளத்துக்குக் குறுக்கே கரை எழுப்பி அதை உருவாக்கினார். ஏரி நட்சத்திர வடிவில் பல விரல்களாகப் பிரிந்திருப்பதற்குக் காரணம், பல சிறு பள்ளத்தாக்குகளில் ஒரே நேரத்தில் நீர் ஏறி நின்றதுதான். அதன் பரப்பு சுமார் 60 ஏக்கர். சுற்றளவு ஏறத்தாழ 5 கிலோமீட்டர். ஏரி நிறைந்து வழியும் நீர்தான் மலைப்பாதையில் எல்லோரும் வண்டியை நிறுத்திப் பார்க்கும் வெள்ளி அருவியாக விழுகிறது. பேரிஜம் ஏரியும் அவ்வாறே ஒரு சதுப்பு நிலத்தில் தேக்கப்பட்டது. அதன் நீர் பெரியகுளம் மக்களுக்குக் குடிநீராகிறது.

கரைகளைக் கட்டியவர்கள் மனிதர்கள். அவற்றை ஆண்டுதோறும் நிரப்புவது சுற்றியுள்ள சோலைகளும் புல்வெளிகளும். ஆகவே ஏரிக்கரையில் மட்டும் நடந்துவிட்டுத் திரும்புபவர் பாதியைத்தான் பார்த்தார் என்று நான் கருதுகிறேன். அனுமதி உள்ள இடங்களில், ஏரிக்கு நீர் வரும் ஓடையின் திசையில் சிறிது தூரமாவது மேலே நடந்து பாருங்கள்.

நடப்பதற்கு அனுமதி எதற்கு? காடு எல்லோருக்கும் பொதுவானதுதானே?

இந்தக் கேள்விக்கு மட்டும் சற்று நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. 2018 மார்ச் 11 அன்று, பழனிமலைக்குத் தென்மேற்கே தேனி மாவட்டத்துக் குரங்கணி மலைச்சரிவில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அவர்களில் பலர் இளைஞர்கள், முதன்முறையாக மலைக்கு வந்தவர்களும் இருந்தார்கள். காய்ந்த புல் நிறைந்த சரிவில் தீ மேல்நோக்கி மிக வேகமாகப் பாயும். எழும் வெப்பக்காற்று மேலேயுள்ள புல்லை முன்கூட்டியே உலர்த்திப் பற்றுவதற்கு ஏற்றதாக ஆக்கிவிடுகிறது. சரிவில் ஏறி ஓடும் மனிதரால் அந்த வேகத்தை வெல்ல இயலாது. அந்தத் துயரத்துக்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்தை முறைப்படுத்தும் விதிகள் அதே ஆண்டில் வகுக்கப்பட்டன.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற திட்டத்தின் கீழ் 14 மாவட்டங்களில் 40 நடைப்பாதைகளைத் திறந்தது. எளிது, நடுத்தரம், கடினம் என்று அவை பிரிக்கப்பட்டிருக்கின்றன. இணையத்தில் முன்பதிவு செய்தால், பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் உடன் வருவார்கள். அவர்களில் பலர் பழங்குடி மக்கள். தீப் பருவத்தில் இந்தப் பாதைகளை மூடிவிடுவார்கள். மூடியிருக்கும்போது, பாதை தெரியும் என்று சொல்லி இரகசியமாக அழைத்துச் செல்ல முன்வருபவர்கள் கடைவீதியில் எப்போதும் இருப்பார்கள். அவர்களோடு போகாதீர்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

பழனிமலையின் 600 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்பு 2013 முதல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாக இருக்கிறது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். சரணாலயத்துக்குள் அனுமதியின்றிக் கால் வைப்பது குற்றம். இது தவிர, 2024 மே முதல் கொடைக்கானலுக்கு வரும் வாகனங்களுக்கு உயர்நீதிமன்ற உத்தரவின்படி இ-பாஸ் பெற வேண்டியிருக்கிறது. புறப்படும் முன் அப்போதைய நடைமுறையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பேரிஜம் ஏரிக்கு நடந்தே போகலாமா?

நகரிலிருந்து 20 கிலோமீட்டருக்கும் சற்று அப்பால் உள்ள அந்த ஏரிக்குச் செல்லும் வழி முழுவதும் வனத்துறையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. நாளொன்றுக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான வாகனங்களுக்கு மட்டும், பகல் நேரத்தில் மட்டும் அனுமதி தருகிறார்கள். யானைகள் அந்தப் பக்கம் வந்துவிட்டால் சில நாட்கள் முழுவதுமாக மூடிவிடுவார்கள். அதற்காக யாரிடமும் கோபப்பட்டுப் பயனில்லை. வழியில் இறங்கி நிற்க அனுமதிக்கும் இடங்களில் நின்று பாருங்கள். சாலையை விட்டு விலகி உள்ளே நடப்பதற்கு அனுமதி கிடையாது.

முதன்முறையாக நடப்பவர் எங்கே தொடங்குவது நல்லது?

ஏரிச் சுற்றிலேயே தொடங்கலாம். அது தார்ச்சாலைதான், ஆனாலும் காலை 6 மணிக்கும் 7 மணிக்கும் இடையில், குதிரைகளும் மிதிவண்டிகளும் வருவதற்கு முன்னால், நீரின் மேல் ஆவி எழும் நேரத்தில் நடந்தால் ஊரின் வேறொரு முகம் தெரியும். நின்று நிதானமாக நடந்தாலும் ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். அடுத்து, லெப்டினன்ட் கோக்கர் 1872-இல் அமைத்த கோக்கர்ஸ் வாக். மலைவிளிம்பை ஒட்டிச் செல்லும் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நடைபாதை அது.

கால் பழகிய பிறகு வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸ் பாறைக்கு இறங்கும் வழியைப் பார்க்கலாம். தூரம் குறைவு, இறக்கம் செங்குத்து. மரவேர்களே படிக்கட்டுகளாக இருக்கும். மழை நாளில் அவை வழுக்கும். இறங்கும்போது எளிதாகத் தோன்றுவது திரும்பி ஏறும்போது மூச்சு வாங்க வைக்கும். முடிவிலுள்ள பாறைக்கு அப்பால் பள்ளத்தாக்குத்தான். அதன் நுனியில் நின்று படம் எடுக்க வேண்டாம்.

கூட்டத்தை விரும்பாதவர்களுக்கு நான் சொல்வது மேல்மலைக் கிராமங்கள். பூம்பாறையில் குழந்தை வேலப்பர் கோயிலை வணங்கிவிட்டு, பூண்டு விளையும் படிக்கட்டு வயல்களை மேலிருந்து பார்த்தபடி மன்னவனூர் செல்லுங்கள். நகரிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர். அங்கே வனத்துறையின் சூழல் சுற்றுலா மையத்திலிருந்து ஏரிக்கரைக்குப் புல்வெளி வழியாக நடக்கலாம், பரிசலும் உண்டு. அதற்கும் அப்பால் கூக்கால் ஏரி. எனக்கு மிகவும் பிடித்த கரை அது. மாலையில் சோலையின் நிழல் மெல்ல ஏரியின் மேல் நீளுவதைப் பார்த்துக்கொண்டு அங்கே நீண்ட நேரம் உட்கார்ந்திருக்கிறேன். பேருந்துகள் குறைவு என்பதால், திரும்பும் வண்டியின் நேரத்தை இறங்கியவுடன் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளகவிப் பாதை என்கிறார்களே, அது என்ன?

மோட்டார் சாலை வருவதற்கு முன்னர் இந்த மலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் பெரியகுளம் பக்கத்திலிருந்து கால்நடையாகவும் குதிரையிலும், சுமைகூலிகள் தூக்கிய நாற்காலிகளிலும்தான் ஏறினார்கள். 1845-இல் அமெரிக்கச் சமயப் பணியாளர்கள் இங்கே முதல் வீடுகளைக் கட்டியபோதும் அப்படித்தான். அந்தப் பழைய மலைவழிகளின் வரிசையில் வருவது, வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி வழியாகக் கும்பக்கரை அருவியை நோக்கி இறங்கும் பாதை. வெள்ளகவி நெடுங்காலமாக வாகனச் சாலையே இல்லாத ஊர்; அரிசி, மருந்து, கட்டுமானப் பொருள் எல்லாம் மனிதர் தலையிலும் குதிரை முதுகிலும்தான் போயின. ஊர் முழுவதையும் கோயிலாகக் கருதுவதால் அவ்வூர் மக்கள் ஊருக்குள் செருப்பு அணிவதில்லை. நீங்களும் ஊர் எல்லையில் காலணியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். யாரும் சொல்வார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.

இந்தப் பாதையில் 2,000 மீட்டர் உயரத்துக் குளிர்ச் சோலையில் தொடங்கி, காப்பித் தோட்டங்களைக் கடந்து, அடிவாரத்தின் வறண்ட முட்காட்டில் முடிப்பீர்கள். ஒரே நாளில் தாவரங்கள் இப்படி மாறுவதைக் காலால் அளந்து பார்க்கும் வாய்ப்பு வேறெங்கும் எளிதில் கிடைக்காது. இறக்கம் முழங்காலை வதைக்கும் என்பதால் கைத்தடி அவசியம். அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் இதில் இறங்கக் கூடாது.

எந்த மாதம் வரலாம்?

டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரை வானம் தெளிவாக இருக்கும். ஓடைகளில் நீரும் நிறைந்திருக்கும். இரவில் குளிர் கடுமை. தாழ்வான புல்வெளிகளில் விடியற்காலையில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். அக்டோபர், நவம்பர் மாதங்களில் வடகிழக்குப் பருவமழை வலுவாகப் பெய்வதால் பாதைகள் சரியும், ஓடைகள் திடீரென்று பெருகும். ஏப்ரல், மே மாதங்களில் கூட்டம் நிறைந்திருக்கும். பிற்பகல் இடிமழையும் உண்டு. ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் மூடுபனி அதிகம். தொலைதூரக் காட்சிகள் கிடைக்காது. ஆனால் சோலைக்குள் நடப்பதற்கு அதைவிட அழகான பருவம் இல்லை என்று நான் சொல்வேன்.

காட்டுமாடு எதிரே வந்தால் என்ன செய்வது?

காட்டெருமை என்றும் காட்டுமாடு என்றும் இங்கே சொல்லும் இந்த விலங்கு இப்போது நகரத் தெருக்களிலும் ஏரிக்கரையிலும்கூட மேய்கிறது. புல்வெளிகள் அழிந்து மேய்ச்சல் குறைந்தது இதற்கு ஒரு காரணம். அமைதியாகத் தெரிவதால் பசுமாடு என்று எண்ணி அருகில் சென்று தற்படம் எடுக்க முயன்றவர்கள் குத்துப்பட்டிருக்கிறார்கள். ஒரு முழு வளர்ச்சி பெற்ற காளை 1,000 கிலோ வரை எடையுள்ளது. அது திரும்பும் வேகத்தை நீங்கள் எதிர்பார்க்கவே மாட்டீர்கள்.

கண்டவுடன் நில்லுங்கள். அது உங்களைப் பார்த்துவிட்டதா என்று கவனியுங்கள். அதன் பார்வையிலிருந்து மெல்லப் பின்வாங்கி, நல்ல இடைவெளி விட்டுச் சுற்றிச் செல்லுங்கள். வழியில்லையென்றால் அது போகும் வரை காத்திருங்கள். கூட்டத்தைவிடத் தனித்து நிற்கும் காளையிடமும், கன்றோடு நிற்கும் தாயிடமும் கூடுதல் எச்சரிக்கை தேவை. கூச்சலிடுவதும் கல்லெறிவதும் ஆபத்தையே வரவழைக்கும். ஒருமுறை மூடுபனியில் பதினைந்து அடி தூரத்தில் பாறை என்று நினைத்த ஒன்று மூச்சு விட்டது. அன்று முதல் பனி அடர்ந்த நேரத்தில் மெல்லிய குரலில் பேசிக்கொண்டே நடப்பதை வழக்கமாக வைத்திருக்கிறேன், எதிரே இருக்கும் விலங்கு திடுக்கிடாமல் இருக்கட்டும் என்று.

அட்டைக்கு உப்பா, புகையிலையா?

மழைக்காலச் சோலையில் அட்டை இல்லாமல் இருக்காது. அதனால் நோய் எதுவும் வந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. நெருக்கமான நெசவுள்ள நீண்ட அட்டைக்காலுறையைக் கால்சட்டையின் மேல் இழுத்துக் கட்டுவதுதான் சிறந்த காப்பு. உப்பு அல்லது புகையிலைத்தூள் நனைத்த துணியைக் காலணியின் மேல் தேய்ப்பது உள்ளூர் வழக்கம். மழை கழுவும் வரை அது பயன்படும். கடித்துக்கொண்டிருக்கும் அட்டையின் மேல் உப்பையோ தீக்குச்சியையோ வைத்தால் அது வயிற்றிலுள்ளதைக் காயத்துக்குள் கக்கிவிடலாம். நகத்தை அதன் வாய்ப்பக்கத்தில் தோலோடு ஒட்டித் தள்ளினால் பிடி விட்டுவிடும். இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் அதன் உமிழ்நீரில் இருப்பதால் சிறிது நேரம் கசியத்தான் செய்யும்; கழுவி, துணியால் அழுத்திக் கட்டுங்கள்.

மதிகெட்டான் சோலைக்குள் போனவர்கள் திரும்புவதில்லை என்பது உண்மையா?

பேரிஜம் செல்லும் வழியில் உள்ள அந்தச் சோலைக்குள் போனால் புத்தி தடுமாறும் என்பது நெடுநாளைய பேச்சு. இதே பெயரில் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் ஒரு தேசியப் பூங்காவும் இருக்கிறது. பெயருக்குக் காரணம் பேயோ மூலிகையோ என்று தேட வேண்டியதில்லை. சோலையின் கூரை அடர்ந்திருப்பதால் சூரியன் எந்தப் பக்கம் என்று தெரியாது. ஒவ்வொரு மரமும் பாசி போர்த்தி ஒரே மாதிரி இருக்கும். பனி இறங்கினால் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. விலங்குகளின் தடங்கள் மனிதப் பாதை போலவே ஏய்க்கும். பழைய காலத்தவர்கள் அந்த அனுபவத்துக்கு வைத்த துல்லியமான பெயர் அது.

வழி தவறியதாக ஐயம் எழுந்த உடனே நின்றுவிடுங்கள். கடைசியாக உறுதியாகத் தெரிந்த இடத்துக்கு வந்த வழியே திரும்ப முடிந்தால் திரும்புங்கள். முடியாவிட்டால் அங்கேயே இருந்து ஊதலை மும்மூன்று முறையாக ஊதுங்கள். ஓடையைப் பிடித்துக்கொண்டு இறங்கினால் ஊர் வரும் என்ற நம்பிக்கை இந்த மலையில் உயிருக்கு உலை வைக்கும். இங்குள்ள ஓடைகள் பல, செங்குத்துப் பாறைகளிலிருந்து அருவியாக விழுகின்றன. கைப்பேசிக்குப் பல இடங்களில் அலைவரிசை கிடைக்காது. எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று விடுதியில் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.

என்ன எடுத்துச் செல்ல வேண்டும்?

நல்ல பிடிப்புள்ள காலணி, மழையங்கி, உலர்ந்த மாற்றுச் சட்டை, கைவிளக்கு, ஊதல், இரண்டு லிட்டர் தண்ணீர், அன்றாடம் சாப்பிடும் மருந்துகள். உணவுக்கு வாழையிலையில் கட்டிய புளியோதரையும் சில கடலைமிட்டாய்களும் போதும். சிறிய பிளாஸ்டிக் தண்ணீர்ப் போத்தல்களுக்குக் கொடைக்கானலில் தடை இருப்பதால் உலோகக் குடுவையைக் கொண்டுவாருங்கள். பருத்திச் சட்டை நனைந்தால் காயாது. 15 பாகை வெப்பத்தில்கூட நனைந்த உடலில் காற்றுப்பட்டால் நடுக்கம் தொடங்கிவிடும் என்பதைச் சமவெளியிலிருந்து வருபவர்கள் நம்புவதில்லை.

பைன் மரக்காட்டில் நடப்பதும் காட்டில் நடப்பதுதானே?

அழகான இடம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொடங்கி நட்டு வளர்க்கப்பட்ட தோட்டம். சிறிது நேரம் அங்கே அசையாமல் நின்று காது கொடுத்துப் பாருங்கள். பறவையொலி அரிதாகவே கேட்கும். ஊசியிலைகள் தரையை மூடியிருப்பதால் அடியில் செடிகள் அதிகம் முளைப்பதில்லை. தோல் பதனிடுவதற்கான பட்டைக்காகக் கொண்டுவந்த சீகை மரம், அதாவது வாட்டில், இன்னும் பெரிய துன்பத்தைத் தந்தது. நட்ட இடத்தோடு நிற்காமல் புல்வெளிகளை விழுங்கிவிட்டது. அந்த மரங்களின் நிழலில் சில இடங்களில் சோலைக் கன்றுகள் தாமாகவே தலைதூக்குவதையும் பார்க்கலாம் என்பது எனக்கு ஆறுதல் தரும் காட்சி.

குறிஞ்சி எப்போது பூக்கும்?

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2006-இலும் 2018-இலும் பூத்தது, அடுத்தது 2030. இடையில் வேறு சில குறிஞ்சி இனங்கள் ஆங்காங்கே பூப்பதுண்டு.

ஓடைத் தண்ணீரைக் குடிக்கலாமா? ஏரியில் குளிக்கலாமா?

ஏரியில் குளிக்கக் கூடாது. அடியில் சேறும் நீர்த்தாவரங்களும் காலைப் பற்றும், நீரும் மிகக் குளிர்ந்தது. ஓடையைப் பொறுத்தவரை, மேலே வீடோ தோட்டமோ இல்லாத சோலை ஓடையென்றாலும் கொதிக்க வைத்தோ வடிகட்டியோ குடிப்பதே பாதுகாப்பு. பூண்டும் உருளைக்கிழங்கும் காரட்டும் விளையும் வயல்களுக்குக் கீழே வரும் நீரில் பூச்சிமருந்து கலந்திருக்கலாம். அதைக் கொதிக்க வைத்தாலும் பயனில்லை. ஓடையில் சோப்புப் போட்டுக் கை கழுவாதீர்கள். இயற்கைக் கடன் கழிக்க நீரிலிருந்து குறைந்தது 60 மீட்டர் விலகிச் சென்று, ஒரு சாண் ஆழத்துக்குக் குழி தோண்டி மூடிவிடுங்கள். தெற்குச் சரிவின் ஓடைகள் வைகையிலும் வடமேற்குச் சரிவின் ஓடைகள் அமராவதியிலும் போய்ச் சேருகின்றன. நீங்கள் தாண்டிக் குதித்த அந்த நீரை, கீழே யாரோ ஓர் அம்மா குடத்தில் பிடிக்கப் போகிறார்.